இந்த வருடத்துச் சீர்

மேட்டகள்ளி, மைசூரு
22-1-2025

அன்புள்ள நாச்சம்மாள் அக்காவுக்கு, தம்பி ஆறுமுகசாமி எழுதுவது.

இங்கே நான், ஜோதிமணி, ஸ்வாதி மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. அங்கே நீயும், மகன் மதனும், மருமகளும், குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடுதாசி போடுகிறான் என்று யோசிப்பாய். போன் செய்தால் மதன்தான் எடுக்கிறான், அம்மா தோட்டத்தில் இருக்கிறாள் என்கிறான். எட்டு தடவை செய்தேன், எட்டு தடவையும் தோட்டம். இன்னொரு காரணம் டாக்டர். கல்லீரல் கெட்டுப்போனால் அது வடிகட்டாமல் விட்ட விஷம் மூளைக்கு ஏறுமாம். ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுத்து கோணினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஸ்வாதி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறாள். அவர் கன்னடக்காரர், தமிழில் ஓர் எழுத்து தெரியாது, வரி நேராகப் போகிறதா என்று மட்டும் பார்ப்பார். அதனால் யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுத எனக்கு வசதி.

என் உடம்பைப் பற்றி எழுத எனக்கே குமட்டுகிறது. நிறைமாத வயிறு மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊசி குத்தி ஐந்து லிட்டர் நீர் எடுக்கிறார்கள். மஞ்சளாக, நுரையோடு, என் கண் முன்னாலேயே பிளாஸ்டிக் கேன் நிரம்புகிறது. எடுத்த நீருக்கு ஈடாக ஆல்புமின் என்று ஒரு மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். பாட்டில் ஐயாயிரம் ரூபாய், ஒவ்வொரு முறைக்கும் மூன்று, சில சமயம் நான்கு. அப்புறம் ஒரு சிரப். அதைக் குடித்து நாளைக்கு நாலு தடவை கக்கூஸ் போனால்தான் விஷம் இறங்குமாம். எத்தனை தடவை போனேன் என்று ஸ்வாதி காலண்டரில் கோடு போட்டு வைக்கிறாள். பெற்ற பெண் எண்ணுகிற கணக்கா இது, சொல்.

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார்கள். இருபது வருட சர்க்கரைக்காரனுக்கு ஹார்லிக்ஸ். ஜோதிமணி அதைக் கீழே கடையில் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்கிறாள், அடுத்து வருகிற ஆள் அதே பாட்டிலை முழு விலைக்கு வாங்கிக்கொண்டு மேலே வருகிறான். காப்பி குடித்துவிட்டுப் போகும்போது வாசலில் ஜோதிமணியிடம் குரலைத் தாழ்த்தி, எப்போதிலிருந்து குடிக்கிறார் என்று கேட்கிறான். நான் காது கேட்காதவனா என்ன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருடமாகக் கட்டி வந்த மருத்துவ இன்சூரன்ஸ், முதல் பில் மூன்று லட்சத்து எண்பதாயிரத்தைத் தர மறுத்துவிட்டது. குடியால் வந்த நோயாம். அந்த முத்திரை இருக்கும்வரை இனி வருகிற எந்த பில்லும் கிடையாது. சர்க்கரையாலும் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பாலும் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. முதல் நாள் அவசரப் பிரிவில், நோயாளி குடிப்பவர் என்று கூட வந்த ஆள் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறதாம். அந்த ஆளே, தவறாகச் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி பரிசீலிப்பார்களாம். மார்ச் பத்து கடைசி நாள்.

அன்று என்னைக் கூட்டி வந்தது மதன். பதற்றத்தில் ஏதோ சொல்லியிருப்பான், பரவாயில்லை. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் தம்பி,
ஆறுமுகசாமி


ஹனூர்
30-1-2025

என் சாமி, தம்பி ஆறுமுகத்துக்கு அக்காள் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கண்டு சோறு இறங்கவில்லை. மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டேன், உனக்கு வயிறு வற்றினால் நடந்தே ஏறி வருகிறேன் என்று. அந்த கேன், கக்கூஸ் எல்லாம் இனிமேல் எழுதாதே. மருமகள் படித்துக் காட்டும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் கண்ணுக்கு உன் பொடி எழுத்து தெரிவதில்லை, நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

மதனிடம் கேட்டேன். அன்று இருந்த பதற்றத்தில் யாரிடம் என்ன சொன்னோம் என்று ஒன்றும் ஞாபகமில்லை என்கிறான். உனக்கு ஒரு நல்ல செய்தி. அவனுக்கு அரசு பஸ் டிரைவர் வேலைக்கு லிஸ்டில் பேர் வந்துவிட்டது. இனி போலீஸ் விசாரணை, மெடிக்கல் இரண்டும்தான் பாக்கி. இந்த நேரத்தில் அங்கே இங்கே கையெழுத்துப் போட வேண்டாம் என்று தாலுகா ஆபீசில் தெரிந்தவர் சொன்னாராம். வேலை கைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன். இந்த வருடம் பொங்கல் சீர் வரவில்லை. உன் உடம்பு எனக்குத் தெரியும், நான் கேட்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவுக்கு நாலு அண்ணன்மாரும் வந்து சேலை வைத்துவிட்டுப் போனார்கள். என்னைப் பார்த்து, உனக்கு இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். ஒரு சாதா சேலையாவது ஜோதிமணி அனுப்பியிருக்கலாம்.

அவரைக்காயும் ராகியும் பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். உப்புப் போடாமல் எப்படித்தான் சாப்பிடுகிறாயோ.

இப்படிக்கு உன் அக்காள்,
நாச்சம்மாள்


மைசூரு
9-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

அவரை வந்தது. ராகியில் வண்டு இருந்தது, சலித்து எடுத்துக்கொண்டோம்.

மதனுக்கு ஞாபகமில்லை என்றால் நான் ஞாபகப்படுத்துகிறேன். ஆஸ்பத்திரிக்கு அறுநூறு ரூபாய் கட்டி, நாலு நாள் அலைந்து, ஸ்வாதி என்னுடைய கேஸ் தாள்களின் நகலை வாங்கி வந்தாள். அவசரப் பிரிவின் முதல் பக்கத்தில் இரண்டு வரி. பதினைந்து வருடமாகத் தினமும் குடிப்பவர் என்று உடன் வந்த அக்கா மகன் சொல்கிறார். அது ஒன்று. அருகில் மது வாடை வீசுகிறது. அது இரண்டாவது.

யாருடைய வாடை, அக்கா?

கார்த்திகையில் உன் வீடு குடிபுகுந்த மறுநாள் கறி விருந்து. ஆண்கள் பக்கத்துச் செலவு தாய்மாமனுடையது என்பது நம் வழக்கம். இரண்டு பெட்டி பாட்டில் மைசூரிலிருந்து நான்தான் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினேன். வாங்கினேனே தவிர, ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. இது உனக்குத் தெரியும். அப்பா சாராயத்தில் போனதிலிருந்து நான் எப்படி இருக்கிறேன் என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? பந்தியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தேன். மதன் காரை எடுத்தான். ஜோதிமணி மடியில் படுத்துக்கொண்டு வந்தேன்.

கொள்ளேகால் தாண்டும் முன்பே எனக்கு வாடை வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் ஊதுபத்தி கம்பெனி ஸ்டோரில் வாசனை எண்ணெய் டின்களுக்கு நடுவே பழகிய மூக்கு. மதன் ஏலக்காயாக மென்றுகொண்டே ஓட்டினான். என் ரத்த வாடை, ஏலக்காய் வாடை, அதற்கடியில் நான் காசு கொடுத்து வாங்கிய சரக்கின் வாடை. இன்றைக்கும் ஏலக்காய் போட்ட டீயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜோதிமணி ஐம்பதாயிரம் முன்பணம் கட்டக் கவுண்டருக்கு ஓடினாள். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் மதன் மட்டும். நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். "ஹௌது மேடம், தினா குடீதாரெ," என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. ஆமாம், தினமும் குடிப்பார் என்று. யாரையோ சொல்கிறான் என்று அப்போது நினைத்தேன். தாளைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று புரிந்தது.

அவன் குடித்துவிட்டு ஓட்டியதை அவன் எழுத வேண்டாம். மாமாவுக்குக் குடிப்பழக்கம் இல்லை, நான் தவறாகச் சொன்னேன், அவ்வளவு போதும். ஜோதிமணியின் தாலிக்கொடி போன வாரம் போயிற்று, இப்போது கழுத்தில் மஞ்சள் கயிறு. ஸ்வாதிக்கு இன்ஜினியரிங் மூன்றாம் வருடப் பணம் கட்டவில்லை. பரீட்சை எழுத விட மாட்டார்கள். இதையெல்லாம் எழுதிக்கொண்டு இருப்பதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது, பிச்சைக்காரன் புண்ணைக் காட்டுவது மாதிரி.

பதிலை நீயே உன் கையால் எழுது. எழுத்து எப்படி இருந்தாலும் படித்துக்கொள்கிறேன்.

தம்பி,
ஆறுமுகசாமி


ஹனூர்
17-2-2025

தம்பிக்கு,

நீ சொன்னபடி நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அவனைத் தனியாக மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போய்க் கேட்டேன். முதலில் முறைத்தான். அப்புறம் அழுதுவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த நர்சு என்ர மூஞ்சிகிட்ட வந்து மோந்து பாத்துச்சும்மா. வண்டி ஓட்டீட்டு வந்தவன் நானு, போலீசுல புடிச்சுக் குடுத்துருவாங்கன்னு பயந்துட்டேன். மாமா கெடந்த கெடைக்கு, பொழைக்க மாட்டாருன்னு நெனச்சேன். செத்துப் போறவருக்கு என்ன ஆகப்போகுதுன்னு சொல்லிப்போட்டேன்."

எனக்கு அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அடிக்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

நீ சொல்கிற மாதிரி நாலு வரி எழுதிக் கொடுத்தால், அப்படியானால் வாடை யாருடையது என்று கேட்பார்களாம். வக்கீல் குமாஸ்தா ஒருவரை விசாரித்தோம். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது இரண்டும் காகிதத்தில் வந்துவிட்டால் டிரைவர் வேலையை ஆயுளுக்கும் மறந்துவிட வேண்டியதுதான் என்றார். வேலை கிடைத்ததும் மாதா மாதம் ஐயாயிரம் உனக்கு அனுப்பச் சொல்கிறேன், இது சத்தியம். போன பணம் போய்விட்டது, இருக்கிற பிழைப்பையாவது விட்டுவை. நீ அவனுக்குத் தாய்மாமன், பொறுத்துக்கொள்ள வேண்டியவன் நீதான்.

கம்பெனிக்காரர்களுக்கு இதை எழுதிவிடாதே. அக்காள் காலில் விழுகிறதாக நினைத்துக்கொள்.

நாச்சம்மாள்


26

அக்கா

மாதம் ஐயாயிரம் ஒரு பாட்டில். ஒரு பாட்டில்தான். நான் எத்தனை பெட்டி வாங்கினேன் இரண்டு பெட்டி. மதனைக் காரை நிறுத்தச் சொல் எனக்கு இறங்கணும். ஸ்டோர் சாவி உன் தலையணைக்குக் கீழே இருக்கிறது கொண்டு வா கெளம்பணும் லோடு வந்திருக்கிறது. ஏலக்காய் வேண்டாம் வேண்டாம். கேன் நிறைந்துவிட்டது யாரும் மூடவில்லை. அப்பா வந்திருக்கிறார் வாசலில் நாறுகிறது அவரை உள்ளே விடாதே அக்கா. மதன் குடிச்சிருக்கான் மதன் குடிச்சிருக்கான் நான் இல்லை நான் இல்ல

ஆறு


ஹனூர்
12-3-2025

தம்பி ஆறுமுகத்துக்கு,

உடம்பு தேவலை என்று ஜோதிமணியின் அண்ணன் மூலம் தெரிந்துகொண்டேன். ஆறு நாள் நினைவே இல்லாமல் கிடந்தாய் என்று கேட்டு ஊரே அழுதது.

அதற்கு முன்னால் உன் கடிதம் ஒன்று வந்தது. தேதி சரியாக இல்லை. எழுத்தெல்லாம் மேலும் கீழும் ஓடுகிறது, அப்பா வாசலில் வந்து நிற்கிறதாக எழுதியிருந்தாய். அவர் போய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படுத்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் பைக்கில் வந்தான். போன மாதம் இருபத்திரண்டாம் தேதி நீ மனு போட்டிருக்கிறாயாமே, அன்று ஆஸ்பத்திரியில் மதன்தான் குடித்திருந்தான் என்று. நான் அவ்வளவு கெஞ்சியும் எழுதிவிட்டாய். மதன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான், உள்ளே வரவில்லை. குழந்தை இடுப்பில் இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை தம்பி. அந்தக் கோணல் கடிதத்தை எடுத்து அந்தக் கம்பெனி ஆளிடம் காட்டினேன். என் தம்பிக்கு விஷம் மூளைக்கு ஏறிவிட்டது, என்ன எழுதுகிறோம் என்று அவனுக்கே தெரியாது என்றேன். எழுத்து கோணினால் புத்தி சரியில்லை என்று டாக்டரே சொன்னதாக நீதானே எழுதியிருந்தாய், அந்தக் கடிதத்தையும் காட்டினேன். இரண்டையும் போனில் படம் பிடித்துக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனான்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. உன் எழுத்தைத்தான் காட்டினேன்.

நீ மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. மதனுக்கு வேலை உத்தரவு அடுத்த மாதம் வந்துவிடுமாம். சாமராஜநகர் டிப்போ என்கிறார்கள். முதல் நாள் வண்டி எடுக்கும்போது மாமன் கையால் மாலை போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறான். உன்னால் வர முடியாவிட்டால் ஸ்வாதியிடம் கொடுத்து அனுப்பு.

அக்காள்,
நாச்சம்மாள்


மேட்டகள்ளி, மைசூரு
20-3-2025

திருமதி நாச்சம்மாள் அவர்களுக்கு,

கோடு போட்ட தாளில், ஸ்கேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மருமகளுக்குப் படிப்பதில் சிரமம் இருக்காது.

அந்தக் கடிதத்தை ஸ்வாதி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாள். நானே கவரில் போட்டுக் கீழ்வீட்டுக் கௌரம்மாவிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தேனாம், எனக்கு நினைவில்லை. நினைவு தெளிய ஆறு நாளும் ஒரு லட்சத்துப் பத்தாயிரமும் ஆயிற்று. உங்கள் கைக்குக் கிடைத்தது, இந்த ஐம்பத்து நான்கு வயதில் நான் புத்தி தெளியாமல் எழுதிய ஒரே பக்கம். அதில்கூட நான் பொய் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பதினான்காம் தேதி கம்பெனியின் பதில் வந்தது. மனுதாரர் தெளிந்த மனநிலையில் இல்லை என்பதற்கு அவருடைய சொந்த அக்கா சான்று காட்டியிருக்கிறார், ஆகவே மனு முடித்துவைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இருந்தது, ஸ்வாதி தமிழில் சொன்னாள். சொந்த அக்கா என்ற இடத்தில் அவளுக்குத் திக்கியது. அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். போன் விற்கிற கடையில் பதினோராயிரம் சம்பளம். மாதத்தில் இரண்டு பாட்டில் அவள் சம்பளம், மீதிக்கு ஜோதிமணி தைக்கிறாள். அதுவும் போதாத மாதம் ஆல்புமின் இல்லாமலே நீர் எடுத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் சிறுநீரகம் போகும் என்று டாக்டர் சொல்கிறார். போகட்டும், எல்லாம் என்னுடையதுதானே.

மதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்த பையன், பயத்தில் கழிந்துவிட்டான். துடைத்துப் போட வேண்டிய நீங்கள் அதை எடுத்து என் முகத்தில் பூசினீர்கள். என் வயிற்றில் இருந்து எடுக்கிற நீரைப் பார்க்கும்போதுகூட எனக்கு இப்படிக் குமட்டியதில்லை. ஐந்து நாளாக உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், அந்த ஆள் மோர் குடித்துவிட்டுப் போனான் என்பதை. எந்தச் சொம்பில் கொடுத்தீர்கள், அம்மாவின் சொம்பிலா?

மாலை போட வர மாட்டேன். ஸ்வாதியும் வர மாட்டாள். மாதம் ஐயாயிரம் அனுப்ப வேண்டாம், வந்தால் திருப்பி அனுப்புவோம்.

இந்த வருடம் பொங்கல் சீர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய் நானே வாங்கினேன். பன்னிரண்டு முழச் சேலை, நல்ல பருத்தி, விலை நானூற்று இருபது. ஜோதிமணி வேண்டாம் என்று அழுதாள், கேட்கவில்லை. இன்று ஹனூர் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். பொங்கலுக்குக் கட்டிக்கொள்ள அல்ல. நீங்கள் கண்ணை மூடுகிற அன்று பிறந்த வீட்டிலிருந்து வந்து மேலே போர்த்த வேண்டிய கோடி அது. அந்த நாளில் நான் இருக்க மாட்டேன், மதன் என் பெண்ணைத் தேடி ஆள் அனுப்பக் கூடாது. அதனால் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். உங்களுக்கு உங்கள் பிறந்த வீடு செய்ய வேண்டியது இதோடு தீர்ந்தது.

நிதானத்தில் எழுதினேனா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். அதனால் இந்தப் பக்கத்தை நானே எடுத்துப் போய் டாக்டரிடம் நேரில் காட்டினேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்தார். ரொம்ப நேராக இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

ஆறுமுகசாமி